மே மாத மொட்டை மாடி விருந்து: குளூட்டன் இல்லாமல், குளிர்ச்சியாக, கையால் எடுத்துச் சாப்பிட

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: மே மூன்றாவது வாரம், சென்னையில், மாலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் மகளின் எட்டாவது பிறந்தநாள். குழந்தைகள் 15, பெரியவர்கள் 10. உங்கள் அண்ணன் மகனுக்கு சீலியாக் நோய், அவனுக்குக் குளூட்டன் (கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் ஒரு புரதம்) ஆகாது. மாடியில் அடுப்பு கிடையாது; தட்டு, ஸ்பூன் இல்லாமல் கையாலேயே எடுத்துச் சாப்பிடும்படி, குளிர வைத்துக் கொடுக்கக்கூடியதாக என்னென்ன செய்யலாம்?

என் மகனுக்கும் இதே நோய்தான். கண்டுபிடித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது: அண்ணன் மகனுக்கென்று ஓரமாக ஒரு தனித் தட்டு வைக்காதீர்கள். மேசை மொத்தமும் அவன் சாப்பிடக்கூடியதாகவே இருக்கட்டும். ஒரு குழந்தை பஃப்ஸைத் தின்ற கையோடு மாங்காய்த் தட்டில் கைவிடும்; உதிர்ந்த தூள் அதில் போய் ஒட்டும். எட்டு வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேரை நீங்கள் தடுத்துக்கொண்டிருக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. என் மகன் சின்ன வயதில் எந்த விருந்துக்குப் போனாலும் மேசையருகே நின்று, ஒன்றை எடுக்கும் முன்பு திரும்பி என் முகத்தைப் பார்ப்பான். நான் தலையாட்டினால் எடுப்பான். ஒரே ஒரு வீட்டில், அவன் அப்படித் திரும்பிப் பார்க்காமல் இரண்டு கையாலும் எடுத்துத் தின்றான். அந்த வீட்டு அம்மாவை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம், கோதுமைப் பண்டத்துக்குப் போலி தேடாதீர்கள். குளூட்டன் இல்லாத ரொட்டி வாங்கி சாண்ட்விச், குளூட்டன் இல்லாத பிஸ்கட்டின் மேல் சீஸ் என்று போனால் செலவும் அதிகம், ருசியும் போதாது. அந்த ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைத்தால் காய்ந்து பொடிப் பொடியாக உதிரும். கோதுமையே தேவைப்படாத பண்டங்கள் நம்மிடமே ஏராளம். அதில் தெரியாமல் வந்து சேரும் கோதுமையை மட்டும் தடுத்தால் போதும்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். மைதா, ரவை, சேமியா, சம்பா கோதுமை எல்லாம் கோதுமைதான். அரிசி, உளுந்து, கடலை, கேழ்வரகு, சாமை, தினை, மரவள்ளி, சோளம் எதிலும் அது கிடையாது. சீலியாக் உள்ளவர்களின் உடல், இந்தப் புரதம் உள்ளே போனால் தன் சிறுகுடலையே தாக்கும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. ஒரு ரொட்டித் துண்டில் குளூட்டன் கிராம் கணக்கில் இருக்கும். இவர்கள் குடலைப் புண்ணாக்க அன்றாடம் ஐம்பது மில்லிகிராம் போதும். அதனால்தான் நம் நாட்டிலும் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அட்டையில் போடக் கூடாது என்று விதி.

வீட்டில் பெரியவர்கள் யாராவது, “பிறந்தநாளும் அதுவுமா ஒரு நாள் சாப்பிட்டா என்ன ஆயிடும்?” என்பார்கள். நான் அவர்களுக்குச் சொல்வது ஹாலந்துக் கதையை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45. நெதர்லாந்தில் ரொட்டியே கிடைக்காத பஞ்சம். அங்கே டிக்கெ என்ற குழந்தை மருத்துவர், ஏற்கெனவே கோதுமை மேல் சந்தேகம் கொண்டிருந்தவர், ஒன்றைக் கவனித்தார். ஊரே பட்டினி கிடக்கும்போது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி படுத்துவிட்டார்கள். இதைக் கேட்ட பிறகு என் மாமியார் ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

சரி, நம் சமையலறையில் கோதுமை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம்.

முதல் இடம் பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பெருங்காயப் பாலின் காட்டம் தாங்காது என்பதால் மாவும் கோந்தும் சேர்த்துத்தான் செய்வார்கள். தூளில் மட்டும்தான் மாவு, கட்டி சுத்தம் என்று நினைக்க வேண்டாம், கட்டியிலும் கலந்திருக்கும். எங்களுக்கு முதல் வருஷம் இது தெரியாது. ஒரு கல்யாண வீட்டில் மகன் சோறும் நீர்மோரும் மட்டும்தான் சாப்பிட்டான், ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தான். இரண்டு நாள் யோசித்த பிறகுதான் மோரில் கரைத்த பெருங்காயம் ஞாபகம் வந்தது. இட்லிப் பொடி, சுண்டல் தாளிப்பு, ஊறுகாய், அப்பளம், ஓமப்பொடி, கடைத் தட்டை என்று பெருங்காயம் போகாத இடமே இல்லை. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. அது கிடைக்காவிட்டால் விருந்துக்குப் பெருங்காயமே இல்லாமல் செய்துவிடுங்கள். இஞ்சியும் சீரகமும் அந்தக் குறையைப் பெருமளவு மறைத்துவிடும்.

இரண்டாவது, மாவு மில். உங்களுக்கு முன்னால் போனவர் கோதுமை அரைத்திருப்பார்; உங்கள் அரிசி அதே எந்திரத்தில் அந்த மிச்சத்தையும் வழித்துக்கொண்டு வரும். மாவு வேண்டுமென்றால் வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். அரைத்ததைச் சலிக்க பழைய சல்லடையை எடுக்காதீர்கள். எத்தனை கழுவினாலும் அந்தக் கம்பி வலைக்கும் விளிம்புக்கும் நடுவில் மைதா வெள்ளைக் கோடாக உட்கார்ந்திருக்கும்; வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். சப்பாத்திக் கல், பூரிக் கட்டை, மரக்கரண்டி இவையும் அன்றைக்கு வேண்டாம். எவர்சில்வர் பாத்திரமென்றால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும்.

மற்றவை சட்டென்று: சமோசா, பஜ்ஜி பொரித்த எண்ணெய், சோயா சாஸ் (கோதுமை சேர்த்துத்தான் புளிக்க வைப்பார்கள்), மால்ட் சேர்த்த பானங்களும் கார்ன்ஃப்ளேக்ஸும், ஏனென்றால் மால்ட் பார்லியிலிருந்து வருவது, ‘சிறுதானிய’ என்று பெரிய எழுத்தில் போட்டு உள்ளே மைதாவும் இருக்கும் பிஸ்கட். ஐஸ்கிரீம் கோன் கோதுமை. வெயிலுக்கு நல்லது என்று யாராவது பாட்டில் நிறையக் கரைத்துக் கொண்டுவரும் பார்லித் தண்ணீரும் அவனுக்கு ஆகாது.

பண்டங்களைத் தேர்ந்தெடுக்கும் முன் குளிர்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளூட்டன் இல்லை என்றதும் எல்லோருக்கும் மினி இட்லிதான் தோன்றும். அதை ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆறும்போது திரும்ப இறுகும். அந்த இறுக்கம் ஃப்ரிட்ஜின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். காலையில் பஞ்சாக இருந்த இட்லி மாலையில் ரப்பராகிவிடும். குளிரக் குளிர நன்றாயிருப்பவை கடலை மாவு, தயிர், பழம், காய், முட்டை, கடல்பாசி (அகர், சைனா கிராஸ் என்றும் சொல்வார்கள்). அவற்றின் பக்கம் போங்கள். இன்னொன்று: சில்லென்று இருக்கும்போது ருசி நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும். சூடாக ருசி பார்க்கும்போது சரியாக இருந்தால், குளிர்ந்ததும் சப்பென்று இருக்கும். உப்பையும் சர்க்கரையையும் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள்.

இப்போது பண்டங்களுக்கு வருகிறேன். நானாக இருந்தால் மேசையின் நடுவில் காண்ட்வியை வைப்பேன். குஜராத்திப் பண்டம், கடலை மாவும் தயிரும்தான். மஞ்சளாக, சுருட்டின பாய் மாதிரி இருக்கும், குழந்தைகள் பிரித்துப் பிரித்துத் தின்பார்கள். கடலைப் பருப்பைப் பொறுக்கி (பருப்பில் ஓரிரு கோதுமை மணி கிடப்பது சகஜம்), கழுவி, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் நைஸாக அரைத்துச் சலியுங்கள். ஒரு டம்ளர் மாவு, ஒரு டம்ளர் லேசாகப் புளித்த தயிர், இரண்டு டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி-பச்சைமிளகாய் விழுது. கட்டியில்லாமல் கரைத்து வடிகட்டி, அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் பளபளவென்று கெட்டியாகும். அப்போது அரை ஸ்பூன் எடுத்து ஒரு தட்டில் தேய்த்து ஒரு நிமிஷம் விடுங்கள். நகத்தால் உரித்தால் தோல் மாதிரி முழுசாக வந்தால் பதம். ஒட்டிக்கொண்டு பிய்ந்தால் இன்னும் இரண்டு நிமிஷம்.

இறக்கினதும் ஓடத்தான் வேண்டும். பெரிய எவர்சில்வர் தட்டுகளைக் கவிழ்த்துத் தயாராக வைத்திருங்கள். சூட்டோடு ஒரு கரண்டி எடுத்துத் தட்டின் முதுகில் ஊற்றி, தட்டையான கரண்டியால் மெல்லிசாக இழுத்துப் பரப்புங்கள். தட்டின் பளபளப்பு லேசாகத் தெரியும் அளவுக்கு. ஆறியதும் இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாகக் கீறி இறுக்கமாகச் சுருட்டுங்கள். மேலே கடுகு, எள், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த் துருவல். ஒரு டம்ளர் மாவுக்கு முப்பது சுருளுக்குக் குறையாமல் வரும். உங்களுக்கு இரண்டு டம்ளர் வேண்டும். ஆனால் ஒரே தடவையில் கிளறாதீர்கள், பாதியைப் பரப்புவதற்குள் மீதி பாத்திரத்திலேயே இறுகிவிடும். இரண்டு தடவையாகச் செய்யுங்கள். முந்தைய இரவு செய்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் மாலை வரை மெத்தென்று இருக்கும்.

அடுத்தது இளநீர்க் கடல்பாசி. நோன்பு திறக்கும் மேசைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். மே மாதத்து மாடிக்கு இதைவிடப் பொருத்தமான இனிப்பு எனக்குத் தெரியாது. காரணம் எளிது: கடைகளில் கிடைக்கும் ஜெலட்டின் ஜெல்லி சென்னை வெயிலில் கொஞ்ச நேரத்தில் தண்ணீராகிவிடும், கடல்பாசி ஆறும்போது சுமார் 40 டிகிரியிலேயே இறுகிவிடும், திரும்ப உருக 85 டிகிரி வேண்டும். கத்திரி வெயிலாலும் அதை உருக்க முடியாது. இந்தப் பாசி ராமநாதபுரத்துக் கடலோரப் பெண்கள் மூச்சடக்கி முங்கிப் பறித்து வருவது; மரிக்கொழுந்துப் பாசி என்பார்கள், அதிலிருந்தும் நம்மூரில் அகர் எடுக்கிறார்கள். நாம் பாக்கெட்டைப் பிரித்து ஊறப்போடும்போது அந்தக் கைகள் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

10 கிராம் கடல்பாசி இழைகளை 300 மில்லி தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் ஒரு இழைகூடத் தெரியாமல் கரையும் வரை காய்ச்சுங்கள். இரண்டு மூன்று ஸ்பூன் சர்க்கரை. வடிகட்டி, 700 மில்லி இளநீரில் சூட்டோடு ஊற்றிக் கலக்குங்கள். இளநீரைக் கொதிக்க வைக்க வேண்டாம், வாசனை போய்விடும். அதே சமயம் ஃப்ரிட்ஜில் வைத்த இளநீரும் கூடாது. சில்லென்ற இளநீரில் பாசி விழுந்த கணமே திரிதிரியாக இறுகிப் போகும், மறுபடி காய்ச்சினால்தான் சரியாகும். வழுக்கையைப் பொடியாக நறுக்கித் தூவி, தட்டையான தட்டில் ஊற்றி இறுகவிட்டு, கட்டம் கட்டமாக வெட்டுங்கள். இந்த அளவில் கையில் எடுத்தால் உடையாது.

கேக்குக்கும் இதே பாசிதான் என் யோசனை. 12 கிராம் பாசியை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, சர்க்கரை போட்ட வெதுவெதுப்பான பால் 400 மில்லி, அறை சூட்டில் இருக்கும் மாம்பழக் கூழ் 500 மில்லி சேர்த்து வட்டமான டின்னில் ஊற்றி ராத்திரி முழுக்கக் குளிரவிடுங்கள். கவிழ்த்தால் முழுசாக வரும். மேலே பங்கனபள்ளித் துண்டுகளை அடுக்கி எட்டு மெழுகுவத்தியையும் தாராளமாக நடலாம். அன்னாசி போடுவதானாலும் போடுங்கள். ஜெலட்டினைத்தான் பச்சை அன்னாசி இறுக விடாது, கடல்பாசியை அது ஒன்றும் செய்யாது. கடையில் கேக் வாங்கி அவனுக்கு மட்டும் ‘உனக்கு வேற இருக்குடா’ என்று சொல்லும் நிலைமை வேண்டாமே.

காரத்துக்கு ரைஸ் பேப்பர் ரோல். வியட்நாம்காரர்களின் பண்டம், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் அந்த வட்டத் தாள் கிடைக்கிறது. அட்டையில் அரிசி, மரவள்ளி மாவு, உப்பு, தண்ணீர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்தாறு நொடி முக்கி, இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பலகையில் வைத்ததும் தானே இளகும். முழுக்க இளகும் வரை தண்ணீரில் விட்டால் கிழியும். உள்ளே வெள்ளரி, கேரட், அரைப்பழமான மாங்காய், புதினா, பனீரோ வேகவைத்த இறாலோ. சுருட்டி, குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒரு கைக்கு ஒன்று. 15 தாள் போதும். இதை மட்டும் அன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்குச் செய்யுங்கள், முந்தைய நாள் வேண்டாம்; இட்லிக்குச் சொன்னதுதான் இதற்கும், ஃப்ரிட்ஜில் விறைக்கும். ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி ஈரத்துணியால் மூடுங்கள், தொட்டால் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழியும். பனீரோ இறாலோ வைத்த ரோல்களை அந்த இரண்டு மணி நேரமும் ஐஸ் பெட்டியில் வைத்திருங்கள். தொட்டுக்கொள்ள, வறுத்த நிலக்கடலை, காய்ந்த மிளகாய், புளி, வெல்லம், உப்பு, தேங்காய்ப் பால் அரைத்த சட்னி. சோயா சாஸ் இல்லாத குறை தெரியாது. நிலக்கடலை ஒவ்வாத பிள்ளை யாராவது உண்டா என்று மற்ற பெற்றோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மீதியெல்லாம் வேலையே இல்லாதவை. கிளிமூக்கு மாங்காயைக் கீறி, உப்பு மிளகாய்த்தூள் தூவியது. அது இல்லாமல் நம்மூர் மே மாதம் ஏது? வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து விதையைச் சுரண்டிப் படகாக்கி, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிரில் மிளகும் உப்பும் கலந்து நிரப்புங்கள். பனீர்த் துண்டும் அன்னாசித் துண்டும் ஒரு குச்சியில். வேகவைத்த காடை முட்டை, மிளகு உப்போடு. நுங்கு கிடைத்தால் தோலுரித்துச் சில்லென்று. விதையில்லாத திராட்சையைக் கழுவித் துடைத்து ஃப்ரீசரில் வைத்தால் சின்னச் சின்ன ஐஸ் மிட்டாய் ஆகிவிடும். ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வந்தால் ஒவ்வொரு திராட்சையையும் நீளவாக்கில் வெட்டித்தான் கொடுக்க வேண்டும், உருண்டையாகத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மொறுமொறுப்புக்கு வீட்டில் செய்த அரிசி வடகம். புது எண்ணெயில் பொரித்து டப்பாவில் அடைத்து, எல்லோரும் வந்த பிறகு திறங்கள். கடற்காற்றில் கால்மணி நேரத்தில் நமுத்துவிடும்.

குடிக்கப் பானகம், நன்னாரி சர்பத், பெருங்காயம் போடாத நீர்மோர்.

வெயிலைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தயிர், பனீர், முட்டை, இறால் இவற்றை 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. மே மாதம் மாலை ஐந்து மணிக்கு மாடித் தரையே கொதிக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரப்பாதீர்கள். பெரிய தாம்பாளத்தில் ஐஸ் கட்டி கொட்டி, அதன்மேல் பண்டத் தட்டு. பாதியைக் கீழே ஃப்ரிட்ஜிலேயே விட்டு, அரைமணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவரச் சொல்லுங்கள். மீந்த தயிர்ப் பண்டத்தை எடுத்து வைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். மனசு வராது, இருந்தாலும்.

கடைசியாக அண்ணி விஷயம். விருந்தாளிகள் யாரும் தின்பண்டம் கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாசத்தோடு வரும் ஒரு டப்பா முறுக்கு மொத்த உழைப்பையும் கெடுத்துவிடும். நீங்கள் வாங்கிய ரைஸ் பேப்பர், கடல்பாசி, மிளகாய்த்தூள் எல்லாவற்றின் கவரையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். அண்ணன் வீட்டார் வந்ததும், பையன் விளையாடப் போன பிறகு, அந்தப் பையை அண்ணியிடம் கொடுங்கள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துப் பார்க்கட்டும். உங்களை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைப் படித்து முடித்த பிறகுதான் அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.